ஹானா கொடுக்காத மாப்பு

ஜும்ஆ முடிந்து வந்து, நெய்ச்சோறும் தால்ச்சாவும் வயிறு முட்டச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஹாசிக் ஆரம்பித்துவிட்டான். முதலில் அம்மா. அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, குரலை வெண்ணெயாக்கிக்கொண்டு, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதெல்லாம் பொருந்திக்கோங்கம்மா. தின்னது குடிச்சது எல்லாத்தையும் ஹலாலாக்கிடுங்க," என்றான். அம்மா ரபியா தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்தார். "பொருந்திக்கிட்டேன் வாப்பா. அல்லா காப்பாத்துவான்."

அடுத்தது ஹனீஃப் சாச்சா. செத்துப்போன அத்தாவின் தம்பி, இப்போது குடும்பத்துக்குப் பெரிய தலை. பல் குத்திக்கொண்டிருந்தவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "பொருந்திக்கிட்டேன்பா, பாத்துப் போய்ட்டு வா," என்றார். ஏதோ கோலாலம்பூருக்குப் பஸ் ஏறப் போகிறவனுக்குச் சொல்வது போல. மூன்றாவது, ஹாசிக்கின் மனைவி ஃபாத்திஹா. நிறைமாதம். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். அவளும் தரையைப் பார்த்தபடி, "பொருந்திக்கிட்டேங்க," என்றாள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், பிழை பொறுக்கச் சொல்லி இப்படி மாப்புக் கேட்பது அவர்கள் ஊர் பாச்சாங்கில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். போகிற இடத்தில் மவுத்தாகிவிட்டால் யாருடைய மனக்குறையும் கூட வரக்கூடாது. அத்தாவும் போகும்போது கேட்டார், குடும்பக் கடைக்கு ரொட்டி போடுகிற சீனரிடம்கூடக் கேட்டார். கேட்டவரிடம் முடியாது என்று யாரும் சொல்வதில்லை. மரியாதை அப்படி.

ஹாசிக் ஹஜ்ஜுக்கா போகிறான்? மறுநாள் காலையில் ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், எப்போதோ கைவிட்ட குவாரியில், செங்குத்தான பாறைச் சுவர் ஒன்றில் கயிறில்லாமல் ஏறப் போகிறான். இடுப்பில் பட்டை கிடையாது, தலையில் தொப்பி கிடையாது. காலில் சப்பாத்தும், கையில் தடவிக்கொள்ள வெள்ளைப் பவுடரும் மட்டும். விழுந்தால் கை கால் முறிவதெல்லாம் இல்லை, ஒரேயடியாகச் சாவுதான். அதை வீடியோ எடுத்துப் போடுவான். லட்சம் பேர் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அதற்குத்தான் இந்த மாப்பு.

ஹானா கூடத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தங்கை; அண்ணனை நானா என்று கூப்பிடுகிறவள். கோபம் வந்தால் முதலில் காது சூடாகும் அவளுக்கு. இப்போது இரண்டு காதும் தோசைக்கல்லாய்க் கொதித்தன.

அவளும் பாறை ஏறுகிறவள்தான், பயந்தாங்கொள்ளி இல்லை. கல்லூரி நாளிலிருந்து அண்ணனும் தங்கையும் சேர்ந்தே ஏறினார்கள். ஒருவர் ஏற, மற்றவர் கீழே கயிறு பிடிப்பார். கயிற்றின் இந்த நுனியில் நான், அந்த நுனியில் நீ. அந்த விளையாட்டில் அவளுக்குப் பிடித்ததே அதுதான். மேலே இருப்பவன் அசைவதும் தயங்குவதும் கயிறு வழியாகக் கைக்குத் தெரியும். ஹாசிக்குக் கொஞ்சம் பெயர் வந்தது, சப்பாத்துக் கம்பெனி ஒன்று ஸ்பான்சராக வந்தது, அதற்குப் பிறகு கயிறு அவனுக்குக் கேவலமாகிவிட்டது. "கயிறு இருந்தா யார் வேணும்னாலும் ஏறலாம் லா," என்பான். புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் அவள் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பதை வைத்து, "சேஃப்டி ஆபீசர் வந்துட்டாங்க, எல்லாரும் தொப்பி போடுங்க," என்று கேலி வேறு.

இந்தக் குவாரிச் சுவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது மலையாக வளர்ந்த பாறை இல்லை. வெடி வைத்துப் பிளந்த பாறை. வெளியே கெட்டியாக இருக்கும், உள்ளே எங்கே விரிசல் ஓடுகிறது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. போன மாதம் அவள் பல தடவை தொங்கிப் பார்த்த பிடி ஒன்று, தலையணை அளவுக் கல், திடீரென்று கையோடு பெயர்ந்து வந்தது. கயிறு இருந்ததால் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். கீழே கயிறு பிடித்திருந்தவன் ஹாசிக்தான். முகம் வெளுத்துப்போய், "நான் இருக்கேன், நான் இருக்கேன்," என்று கத்தினான். அந்தச் சுவரில்தான் நாளைக்கு ஏறப் போகிறானாம், கீழே யாரும் பிடிக்காமல்.

ஹாசிக் கடைசியாக அவளிடம் வந்தான். இரண்டு கைகளையும் நீட்டினான்.

"ஹானா, பொருந்திக்கோ."

"மாட்டேன்."

அவன் சிரித்தான். "விளையாடாத லா. எல்லாரும் குடுத்துட்டாங்க, நீதான் பாக்கி."

"நான் விளையாடல. மாப்பு கிடையாது நானா. போய் உக்காரு."

மறுபடி பல் குத்த ஆரம்பித்திருந்த சாச்சாவின் கை அப்படியே நின்றது. ஹாசிக்கின் சிரிப்பு மெல்ல இறங்கியது. எத்தனை பேர் கொடுத்தாலும் ஒருவர் மனதில் குறை இருந்தால் கால் வழுக்கும் என்று நம்புகிறவன் அவன். முதல் தடவை விளையாட்டாக மாப்புக் கேட்டுவிட்டு ஏறினான், ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு கேட்காமல் ஏறியதே இல்லை. கயிறு வேண்டாமாம், மாப்பு மட்டும் வேண்டுமாம். இது ஹானாவுக்கும் தெரியும். தெரிந்துதான் மறுத்தாள். அவனை நிறுத்த அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

"என் உசுரு, ஹானா. என் இஷ்டம்."

"உன் உசுருதானே, நீயே வச்சுக்க. எதுக்கு வீட்டுல உள்ளவங்ககிட்ட ஒவ்வொருத்தரா வந்து சம்மதம் வாங்குற? நாளைக்கு நீ விழுந்தா, எல்லாரும் சரின்னு சொன்னாங்கன்னு நிம்மதியா விழலாம்னா?"

"நான் விழ மாட்டேன். ஒவ்வொரு பிடியும் எனக்கு மனப்பாடம்."

"பேந்து வந்த கல்லும் எனக்கு மனப்பாடம்தான்."

அம்மா குறுக்கே வந்தார். "அடி, வாயில நல்ல வார்த்தை வராதா உனக்கு? ஏறப் போற புள்ள மனசைக் கலைக்கிற. கை நடுங்கிக் கிடுங்கி ஏதாவது ஆச்சுன்னா நீதான் காரணம்."

ஆகா. அதுதான் கணக்கு. அவன் கயிறை அவிழ்த்துப் போட்டது காரணம் இல்லை, அவன் காசுக்காகவும் கைதட்டலுக்காகவும் தொங்குவது காரணம் இல்லை. தங்கைக்காரி ஒரு வார்த்தை சொல்லாததுதான் காரணம். ஹானாவுக்கு ஆத்திரம் பொங்கியது. விறுவிறுவென்று அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்து, பாத்திரங்களைப் போட்டு உடைக்கிற மாதிரி கழுவ ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்தினார். அதட்டுவாரோ என்று பார்த்தால், தோளில் கை வைத்துக் காதோடு காதாகச் சொன்னார்: "நீ குடுத்துடாத, என்னா?"

ஹானா குழாயை மூடினாள். "என்னம்மா சொல்றீங்க?"

"பெத்தவ நான் எப்படி முடியாதுன்னு சொல்லுவேன்? நீ மறுத்துடுவன்னு எனக்குத் தெரியும். அந்த தைரியத்துலதான் குடுத்தேன்."

அம்மா போனதும் ஃபாத்திஹா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளும் அதையே சொன்னாள். "ஹானா, புருஷன் கேட்டா பொண்டாட்டி மறுக்க முடியுமா? உதட்டால சொன்னேன், மனசால சொல்லல. நீ விட்டுடாத." தண்ணீர் குடிக்க வந்த சாச்சாவும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெரியவன் நான் தடுத்தா நல்லாருக்காது ஹானாம்மா. நீ சின்னப் பொண்ணு, நீ சொன்னா கோவப்படுவான், அவ்வளவுதானே."

பாருங்கள் கூத்தை. கூடத்தில் மூன்று பேரும் பொருந்திக்கிட்டேன், பொருந்திக்கிட்டேன் என்று வாய் நிறையச் சொன்னது, கடைசியில் நிற்கிற ஹானா மறுத்துவிடுவாள் என்ற நம்பிக்கையில். ஒருவருக்கும் அவன் ஏறுவதில் சம்மதமில்லை. ஒருவரும் அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மரியாதை அவர்களுக்கு, பழி இவளுக்கு. அத்தனை பேரையும் அடுக்களைக் கதவில் வரிசையாக நிற்க வைத்து அறைந்தால் என்ன என்று தோன்றியது ஹானாவுக்கு.

ஈரக் கையோடு கூடத்துக்குத் திரும்பிப் போனாள். அவர்களும் பின்னால் வந்தார்கள். ஹாசிக் ஜன்னலோரம் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நானா, நாளைக்கு நானும் வர்றேன்," என்றாள். "உனக்கு முன்னாடி நான் ஏறுறேன். கயிறு இல்லாம."

அவன் நிமிர்ந்தான். "கிலாவா உனக்கு, பைத்தியம் புடிச்சிருச்சா?"

ஹானா நேராக அம்மாவிடம் போனாள். கையைப் பிடித்தாள். "அம்மா, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதெல்லாம் பொருந்திக்கோங்க."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்," என்று அம்மா கையை உதறினார். "முடியாது. காலை ஒடிச்சுப் போடுவேன்."

"சாச்சா?"

"கையை விடு புள்ள. பொம்பளைப் புள்ளைக்கு இது என்னா பேச்சு?"

"நானா, நீ?"

ஹாசிக் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "ஹானா, டூ மச். நீ அந்தச் சுவத்துல கயிறு இல்லாம கால் வச்சா கொன்னுடுவேன்."

"ஏன்? எனக்கும் ஒவ்வொரு பிடியும் மனப்பாடம்தான். என் உசுரு, என் இஷ்டம். ஒரு வார்த்தை சொல்லிடு, நிம்மதியா ஏறுறேன்."

அவன் அவள் மணிக்கட்டை விட்டான். அவனால் சொல்ல முடியவில்லை. அவளுக்கு மாப்பு இல்லை என்று சொல்ல யாருக்கும் ஒரு நொடி ஆகவில்லை, மரியாதை வந்து யார் நாக்கையும் பிடிக்கவில்லை. "எனக்கு முடியாதுன்னு சொன்ன வாய், அவனுக்கு மட்டும் ஏன் கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டாள் ஹானா. "அடுக்களையில வந்து எங்கிட்டச் சொன்னதை இங்க சொல்லுங்க. இப்ப சொல்லுங்க."

ஃபாத்திஹாதான் முதலில் பேசினாள். இரண்டு கையையும் ஊன்றி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினாள். "நான் குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கிறேங்க. எனக்குச் சம்மதம் இல்ல. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல." அம்மா தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்கும் மனசில்ல வாப்பா," என்று அழுதார். சாச்சா செருப்பைத் தேடினார். கடையைத் திறக்க நேரமாகிவிட்டதாம்.

ஹாசிக் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. "நல்லா நடிச்சீங்க எல்லாரும். நீங்க குடுக்கலன்னா நான் ஏறாம இருந்துடுவேனா? பாப்போம்." பையைத் தூக்கிக்கொண்டு, வீடியோ எடுக்கிற கூட்டாளி நிவேந்திரன் வீட்டுக்குப் போய்விட்டான். கார் போன சத்தம் அடங்குவதற்குள் அம்மா ஹானா பக்கம் திரும்பினார். "இப்ப மனசு உடைஞ்சு ஏறப் போறானே. உனக்கு நிம்மதியா?"

நிம்மதியா? அம்மா சொல்வது அநியாயம், ஆனால் பொய் இல்லை. கோபத்தோடு ஏறுகிறவன் கை தப்பும். அந்தக் கோபத்தை ஆற்றவும் ஒரு வார்த்தை போதும், அவளுடைய ஒரு வார்த்தை. போனை எடுத்தாள், வைத்தாள். சொன்னால் ஏறுவான். நாளைக்கு விழாவிட்டால் இதைவிடப் பெரிய சுவருக்குப் போவான், அதற்கும் கை நீட்டிக்கொண்டு வருவான்.

காலையில் அவள் குவாரிக்குப் போனபோது அம்மா தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. ஃபாத்திஹா வரவில்லை. "பொண்டாட்டி புள்ளையைப் பாக்கணும்னா அவரு வீட்டுக்கு வரட்டும்," என்றாள்.

தோட்டத்து மண்சாலையில் காரை விட்டுவிட்டு, புல்லை விலக்கி உள்ளே நடந்தாள். ஹாசிக் ஏற்கனவே சுவரில் இருந்தான். மேலே உச்சியிலிருந்து நிவேந்திரன் தொங்கிக்கொண்டிருந்தான், கேமராவோடு. அவன் இடுப்பில் பட்டை, பட்டையில் இரண்டு கயிறு, தலையில் மஞ்சள் தொப்பி. படம் பிடிக்கிறவனுக்கு அத்தனை பாதுகாப்பு. அதைப் பார்த்ததும் ஹானாவுக்கு மறுபடியும் காது சுட்டது.

ஹாசிக் இருந்த இடம் ஒரு குறுகிய கல்திட்டு. மூன்று மாடி உயரம் இருக்கும். அதுவரை ஏறியவன் அங்கிருந்து பார்த்துப் பார்த்து இறங்கிவிடலாம். அதற்கு மேலே போனால் பிடிகள் எல்லாம் விரல் நுனி அளவுதான், திரும்ப வழி இல்லை, உச்சியைத் தொட வேண்டும் அல்லது விழ வேண்டும். இருவரும் கயிறோடு அந்த இடத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறார்கள். அவன் நெற்றியைப் பாறையில் சாய்த்துக்கொண்டு நின்றான். இடது கால் தையல் மெஷின் மாதிரி ஆடியது. பயத்தில் கால் அப்படி ஆடும், அவளுக்குத் தெரியும்.

"ஹானா," என்று மேலிருந்து நிவேந்திரன் கத்தினான். குவாரி முழுக்க எதிரொலித்தது. "வந்ததுலேர்ந்து அங்கேயே நிக்கிறான். மேலயும் போவல, கீழயும் வரல. சொல்லிடு லா, ப்ளீஸ். வாய் வார்த்தைக்காவது சொல்லு. அவன் கால் ஆடுது பாரு."

"கேமராவை நிறுத்து நிவேன்."

"நிறுத்திட்டேன். சொல்லு."

ஹாசிக் திரும்பாமலே கத்தினான். "சொல்லு ஹானா. உன்னாலதான். ராத்திரியெல்லாம் உன் பேச்சுதான் மண்டைக்குள்ள. சொல்லித் தொலை, நான் போய்க்கிறேன்."

சொன்னால் அவன் கால் நிற்கும். நின்றால் மேலே போவான். சொல்லாவிட்டால் இந்த ஆட்டத்திலேயே வழுக்கி அவள் காலடியில் வந்து விழுவான், அப்புறம் ஆயுசு முழுக்க அவள்தான் கொன்றாள் என்பார்கள், அவளே சொல்வாள். அவன் உயிரை வைத்து இப்போது அவளும் சூதாடிக்கொண்டிருந்தாள். அவன் ஒவ்வொரு தடவையும் செய்வதை அவள் இன்று செய்தாள், இது எப்படிப்பட்ட அசிங்கமான விளையாட்டு என்று அடிவயிறு வரைக்கும் தெரிந்தது. இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டானே பாவி என்று இருந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள், இந்தத் தடவை குவாரி முழுக்கக் கேட்டது. "மேல போறதுக்கு மாப்பு கிடையாது நானா. நீ செத்தா பொருந்திக்க மாட்டேன். கபுருக்கு வந்து திட்டுவேன். உன் புள்ளைக்கும் சொல்லிக் குடுப்பேன் திட்டறதுக்கு."

ஹாசிக் வலது கையை மட்டும் மேலே நீட்டினான். அடுத்த பிடியைத் தொட்டான். ஹானா கண்ணை மூடப் போனாள், மூடவில்லை. பார்க்காமல் இருந்தால் அதுவும் ஒரு சம்மதம் போல ஆகிவிடும் என்று தோன்றியது. அவன் விரல்கள் அந்தப் பிடியைத் தடவின, தட்டிப் பார்த்தன. உள்ளே பொள்ளலா கெட்டியா என்று காது வைத்துக் கேட்பது போலத் தட்டின. பிறகு கை கீழே வந்தது. பவுடர் பையில் போனது. மறுபடி மேலே போனது. மறுபடி இறங்கியது.

அப்புறம் இடது காலைத் திட்டிலிருந்து எடுத்துக் கீழே துழாவினான்.

அவன் இறங்கி வந்த நேரம் முழுக்க அவள் அடுத்தடுத்த பிடியைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "வலது காலுக்குக் கீழ ஒரு வெட்டு இருக்கு. இன்னும் கொஞ்சம். அங்கதான். இடது கை இடுப்புக்கிட்ட." கயிறு இருந்தபோது சொல்வது போலவே சொன்னாள். அவன் சொன்ன இடத்தில் கால் வைத்தான். கடைசியில் மண்ணைத் தொட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து ரத்தமாக இருந்தன. அவள் பக்கத்தில் போனாள். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"ஸ்பான்சர் போச்சு," என்றான். மூச்சு இரைத்தது. "நாளைக்கு ஊரே சிரிக்கும். பாதியில பயந்து எறங்குனவன்னு சொல்லுவாங்க. என் பேரை நாசமாக்கிட்ட. என் மண்டைக்குள்ள பயத்தை வச்சு விட்டது நீதான். இனிமே எந்தச் சுவத்துலயும் என்னால நிக்க முடியாது, தெரியுமா? நல்லாருப்பியா நீ?"

ஹானா அவன் உள்ளங்கை ரத்தத்தையே பார்த்தாள்.

"செத்தாலும் உன்னைப் பொருந்திக்க மாட்டேன் ஹானா. எழுதி வச்சுக்க. அல்லா கேட்டாலும் மாட்டேன்."

"வேணாம்," என்றாள் அவள். கண்ணீர் மூக்கோரமாக வாய்க்குள் ஓடியது, துடைக்கவில்லை. அவள் கோபமும் அவன் கோபத்துக்குக் குறைந்ததில்லை, அப்படியே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. "பொருந்திக்காத நானா. தெனமும் வீட்டுக்கு வந்து திட்டு. உன் புள்ளைக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் திட்டு. நான் கேட்டுக்கிறேன்."

அவன் எழுந்தான். சப்பாத்தைக் கழற்றிச் சுவரில் விட்டெறிந்தான். வெறுங்காலோடு, அவளை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே, செம்பனை மரங்களுக்கு நடுவே கார் நின்ற பக்கம் நடந்து போனான். அந்தச் சத்தம் கேட்காமல் போகிற வரைக்கும் ஹானா அங்கேயே நின்றாள்.